தலைக்கணக்கும் தொலைக்கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் குழந்தை இறப்பு விகிதக் கணக்கு வெளியானதும் முகநூலில் இரண்டு ஊர்வலங்கள் புறப்படுகின்றன. ஒன்று கேரளத்தின் பெருமையைச் சுமந்து வருகிறது. மற்றொன்று தமிழ்நாட்டின் பெருமையைச் சுமந்து வருகிறது. இரண்டும் எதிரெதிரே சந்திக்கும் முச்சந்தியில் வசவுகள் பரிமாறப்படுகின்றன. இரு தரப்பும் காட்டும் எண்கள் உண்மையானவைதான். கேரளத்தில் ஆயிரம் பிறப்புக்கு இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாடும் தேசியச் சராசரியைவிட வெகுவாக முன்னே நிற்கிறது. அந்த எண்களோடு எனக்கு வழக்கில்லை. அவற்றைக் காட்டிவிட்டு, இனிப் பேச ஒன்றுமில்லை என்று எழுந்து போகிறவர்களோடுதான் வழக்கு.

கேரளத்தின் சராசரியைத் தீர்மானிப்பது மக்கள் நெருக்கமாக வாழும் கடற்கரையும் இடைநிலமும். மலையில் சிதறி வாழும் சில ஆயிரம் பேருக்கு என்ன நேர்ந்தாலும் அந்தச் சராசரி அசையாது. அங்கே ஒரு பிரசவம் தவறிப்போவதும், ஒரு குழந்தை காய்ச்சலில் போவதும் தசமப் புள்ளிக்குப் பின்னும் தெரியாது. ஆகவே, சராசரியைக் கொண்டு இந்த மக்களின் நிலையை அறியவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நான் சொல்ல வருவது ஒன்றே: நம் அரசுகள் ஆரம்ப சுகாதாரத்தைத் தலைகளை எண்ணிப் பங்கிடுகின்றன, தொலைவை அளந்து பங்கிடுவதில்லை. மலைவாழ் மக்கள் மருத்துவத்தை எட்ட முடியாமல் இருப்பதற்கு மலையைக் குற்றம் சாட்டுவது எளிது. குற்றம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். அரசு ஆணைகளிலும் செய்தித்தாள்களிலும் இந்த ஊர்களுக்குத் 'தொலைதூரப் பகுதி' என்று பெயர். தொலைதூரம் என்பது குளிர், மேடு, வறட்சி போல ஓர் இடத்தின் இயல்பன்று. தமிழ் இலக்கணம் அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று பிரித்துவைத்திருக்கிறது. 'இது' என்பதும் 'அது' என்பதும் பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். 'தொலைதூரம்' என்பதும் ஒரு சுட்டே. ஆனால் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை அது மறைத்துவிடுகிறது. எங்கிருந்து தொலைவு? தலைநகரிலிருந்து, மருத்துவக் கல்லூரியிலிருந்து, கோப்பில் கையெழுத்திடுகிறவரின் மேசையிலிருந்து. இடமலக்குடியில் வாழும் முதுவானுக்கு இடமலக்குடி தொலைவில் இல்லை. மருத்துவர்தான் தொலைவில் இருக்கிறார். 'தொலைதூர மருத்துவமனை' என்று எந்த ஆணையும் எழுதுவதில்லை. மருத்துவமனை எப்போதும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மக்கள்தாம் எப்போதும் தவறான இடத்தில் பிறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சுட்டின் மையத்தில் வசிக்கிறவர்களுள் நானும் ஒருவர் என்பதால், மையம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதி கோயில் முன் நின்றால், கோட்டை அரசு மருத்துவமனை நடந்து போகும் தொலைவு. பொது மருத்துவமனை, தைக்காடு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை எல்லாம் ஆட்டோவுக்கு அதிகம் கொடுக்க வேண்டாத தொலைவு. பேருந்து ஏறினால் உள்ளூரில் மருத்துவக் கல்லூரி. அதே வளாகத்தில் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரையும். தனியார் மருத்துவமனைகளை எண்ணத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. பொது மருத்துவமனை ஆயில்யம் திருநாள் காலத்தில் 1865இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 1951இல் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒன்றன் மேல் ஒன்றாக, மருத்துவம் இங்கே வந்து குவிந்திருக்கிறது. அந்தக் குவியலின் நிழலில் நின்றுகொண்டுதான் நாம் 'கேரள மாதிரி' என்று பேசுகிறோம்.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போவோம். அகத்தியமலை அடிவாரத்தில் குற்றிச்சல், அம்பூரி பஞ்சாயத்துகளின் காட்டுக்குள் காணிக்காரர்களின் ஊர்கள் இருக்கின்றன. தலைநகரிலிருந்து கோட்டூர் சுமார் 35 கிலோமீட்டர். பேருந்து அங்கே நின்றுவிடும். அதற்கப்பால் பொடியம் போன்ற ஊர்களுக்கு ஜீப் மட்டுமே போகும் காட்டுவழி. பெருமழை நாளில் அதுவும் ஐயம். அம்பூரிப் பக்கம் கதை இன்னும் தெளிவானது. 1950களில் நெய்யாறு அணை கட்டப்பட்டது. நீர் தேங்கியதும் புரவிமலை, தொடுமலை முதலிய ஊர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டன. அன்று முதல் கும்பிச்சல் கடவில் தோணியே கதி. பிரசவ வலி வந்தவளும் தோணி. பாம்பு கடித்தவனும் தோணி. அந்தக் கடவில் பாலப் பணி தொடங்குவதற்கே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அணை கட்ட முடிந்த அரசுக்கு ஒரு பாலம் கட்டுவது பொறியியல் புதிராக இருந்திருக்க முடியாது. அந்த மக்கள் 'தொலைதூர'த்தில் பிறக்கவில்லை. அவர்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே நீரைத் தேக்கி, அந்தத் தொலைவை உண்டாக்கியது அரசு.

அதே காணிக்காரர்களிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியமலையில் ஆய்வுப் பயணம் போன அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பயன் பகிர்வுக்கு உலக முன்மாதிரி என்று இன்றும் பாடப்புத்தகங்கள் இதைப் போற்றுகின்றன. மலையின் மருந்தறிவு கீழே இறங்கி, ஆய்வுக்கூடம் போய், தொழிற்சாலை போய், உலகக் கருத்தரங்கு வரை போக வழி இருந்தது. கீழிருந்து ஒரு செவிலியர் நாள்தோறும் மேலே போகத்தான் வழி இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். இன்று நாம் காணும் ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அமைப்பு 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழுவின் அறிக்கையில் வேர்கொண்டது; 1952 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே நடைமுறைக்கு வந்தது. 1978 செப்டம்பரில் அல்மா அட்டாவில் கூடிய உலக மாநாடு, மக்கள் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இயன்ற அளவு அருகில் மருத்துவம் இருக்க வேண்டும் என்றது. இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் 'அருகில்' என்பதை நாம் எப்படி விதியாக்கினோம்? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் முறையே 3,000, 20,000, 80,000. மலைக்கும் பழங்குடிக்கும் தரப்பட்ட சலுகை இவ்வளவே. தலைகளின் எண்ணிக்கை குறைந்தது; கிலோமீட்டர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த விதியை இடமலக்குடியில் வைத்துப் பாருங்கள். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றுக்கு அப்பால் அடர்காட்டில் இருக்கிறது அது. மூணாறு பஞ்சாயத்தின் ஒரு வார்டாகக் கிடந்து, 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆனது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள். எல்லாக் குடிகளையும் சேர்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் முதுவான் மக்கள். மலைச் சலுகையையும் பழங்குடிச் சலுகையையும் கணக்கில் சேர்த்த பிறகும், விதிப்படி இவர்களுக்கு ஒரு முழுத் துணை நிலையத்துக்குக்கூடத் தகுதியில்லை! மூவாயிரம் தலைகள் தேறவில்லை அல்லவா? பஞ்சாயத்து உருவான பின்னும் அதன் அலுவலகமே பல ஆண்டுகள் தேவிகுளத்தில்தான் இயங்கிற்று. அரசு அலுவலருக்கே எட்டாத ஊராக இருந்தது. இப்போது சொசைட்டிக்குடியில் ஒரு சுகாதார நிலையம் செயல்படுகிறது. நல்லதுதான்; போராடிப் பெற்றதை இகழக் கூடாது. ஆனால் சொசைட்டிக்குடி பல குடிகளுள் ஒன்று. மற்றக் குடிகளிலிருந்து அங்கே வருவதற்கே காட்டில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். நோயாளியைப் போர்வையில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, ஆள்மாற்றி ஆள்மாற்றிச் சுமந்து வரும் மஞ்சல் இன்றும் அங்கே பழங்கதையாகிவிடவில்லை.

முதுவான்கள் பேசுவது தமிழோடு மிக நெருங்கிய மொழி. மதுரையை விட்டு வந்தபோது முதுகில் சுமந்து மலையேறியதால் இந்தப் பெயர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சொற்பிறப்பு சரியா என்பது வேறு விவாதம். சுமந்து ஏறிய கதையைப் பெயரிலேயே வைத்திருக்கும் மக்களை, நோயாளியைச் சுமந்து இறங்க வைத்திருக்கிறோம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். சிதறி வாழும் மக்களுக்குத் தொலைவை அளந்து சேவை தர அரசால் முடியுமா? முடியும். இரண்டு துறைகளில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வாக்காளர் எவரும் வாக்களிக்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக நேரக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காக வாக்குச்சாவடி அமைத்த நாடு இது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த மத்திய விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. வாக்குக்கும் பள்ளிக்கும் தொலைக்கணக்கு. உயிருக்கு மட்டும் தலைக்கணக்கு.

2024 மக்களவைத் தேர்தலின்போது நடந்ததை நினைவுகூருங்கள். இடமலக்குடியில் படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவரின் ஒரு வாக்குக்காக, பெண் அலுவலர்கள் உட்பட ஒன்பது பேர் 18 கிலோமீட்டர் காட்டில் நடந்தார்கள். நாடெங்கும் செய்தியாயிற்று, ஜனநாயகத்தின் மாண்பு என்று நாமும் பகிர்ந்தோம். அந்த அலுவலர்களுக்கு வணக்கம். அவர்கள் கடமையைச் செய்தார்கள். நான் கேட்பது வேறு. அந்த முதியவரின் கட்டில் வரை வாக்குப்பெட்டி போயே தீர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அதனால் போயிற்று. அதே கட்டிலுக்கு மாதம் ஒருமுறை மருத்துவர் போயே தீர வேண்டும் என்று ஒரு விதி உண்டா? விதி இருந்தால் ஆள் வருவார், படி வரும், வழித்துணைக்கு வனக்காவலர் வருவார், தொலைக்காட்சியும் வரும். விதி இல்லாத இடத்தில் நல்ல மனம் படைத்த மருத்துவரின் இரக்கம்தான் வரும். இரக்கத்தின் பேரில் நடப்பது அவர் மாற்றலாகிப் போகும் நாளோடு நின்றுவிடும்.

காட்டைவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் அநீதி வேறு உரு எடுக்கிறது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழர்களின் மருத்துவத்தை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் பொறுப்பாக்கியது. தொழிலாளருக்குப் பாதுகாப்பு என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம்தான். அதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. தோட்டத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அரசு அந்த மலையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது கூலியோடு ஆஸ்பத்திரியும் போயிற்று. முதலாளி போன மலையில் அரசும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. குடிமகனின் மருத்துவ உரிமையை அவனுடைய வேலை உறவில் கட்டிவைத்தால், வேலை அறும்போது உரிமையும் அறும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்புகள் மூடுண்டன. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியுலகை எட்ட விடிய வேண்டியிருந்தது. பெரியவரையில் தற்காலிகப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்பு வண்டிகள் தடைபட்டன. மண்சரிவை இயற்கை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பாலத்தையும் ஒரு தொலைபேசி இணைப்பையும் நம்பி ஒரு மக்கள் கூட்டத்தை விட்டுவைத்ததை எந்த இயற்கையின் கணக்கில் எழுதுவது?

தொலைவு கிலோமீட்டரில் மட்டும் இல்லை. சிற்றூர் மருத்துவமனையால் பார்க்க முடியாத நோயாளியை அனுப்பிவைப்பதற்கு நாம் 'மேல்சிகிச்சை' என்கிறோம். மலைவாசிக்கு அந்த 'மேல்' எப்போதும் கீழே இருக்கிறது. அட்டப்பாடி ஊர்களிலிருந்து கோட்டத்தறை. அங்கிருந்து மலை இறங்கி மண்ணார்க்காடு. அங்கிருந்து பெரிந்தல்மண்ணையோ திருச்சூரோ. மூணாற்றிலிருந்து கோட்டயம், அல்லது போடிமெட்டு இறங்கி எல்லை கடந்து தேனி. இடுக்கியில் மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கி, இடையில் மாணவர் சேர்க்கை நின்று, 2022இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. பிரசவத்துக்குப் பின் கடும் இரத்தப்போக்கு கண்ட பெண்ணுக்கு இரண்டு மணி நேரம்கூட அவகாசம் இருக்காது என்பது மருத்துவப் பாடம். அந்த இரண்டு மணி நேரம் மலைப்பாதையின் எந்த வளைவில் முடிகிறது என்பதை எந்த அறிக்கையும் குறிப்பதில்லை. 2013இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது அனுப்பப்பட்ட குழுக்கள் ஊட்டக்குறைவைப் பற்றிப் பேசின. அது உண்மை. நிலம் இழந்தவர்களின் ஊட்டக்குறைவோடு மருத்துவமின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே அந்த ஆண்டின் பாடம்.

மலையேறி, இறங்கி, வரிசையில் நின்று மருத்துவரின் முன்னே அமர்ந்த பிறகும் இன்னொரு தொலைவு மீதமிருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பெண் 'வயிற்றுக்கடுப்பு' என்கிறார், சீதபேதியைச் சொல்கிறார். மலையாளத்தில் அதற்கு 'வயறுகடி' என்று பெயர். 'கடுப்பம்' என்றால் கடினம், தீவிரம். மொழி அறியாத இளம் மருத்துவர் 'வயிற்றில் கடும் வலி' என்று எழுதிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? குத்துகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, எரிகிறது, பிசைகிறது என்று தமிழில் வலிக்கு எத்தனை வினைகள்! ஒவ்வொன்றும் நோயறிய ஒரு துப்பு. முதுவானுக்கும் காணிக்காரருக்கும் தத்தம் வழக்கில் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். மொழிச் சிறுபான்மைத் தமிழருக்கு அரசோடு தம் மொழியில் கடிதம் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்திருக்கிறது. தம் மொழியில் நோவு சொல்லும் உரிமையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

'பார்த்தீர்களா, கேரளத்தின் யோக்கியதை!' என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கைதட்ட வேண்டாம். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து கொண்டுவந்த உடலை, சாலை முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டது. தாய் தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். நாட்டிலேயே முதன்முதலாக 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய மாநிலம். தேடிவரும் மருத்துவமும் சாலை முடியும் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அந்தத் தாய் காட்டினார்.

உண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலை இரு மாநிலங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அது ஓரம். அகத்தியமலையின் மேற்குச் சரிவில் பொடியம், கிழக்குச் சரிவில் இஞ்சிக்குழி, இரண்டிலும் காணிக்காரர்கள், இரண்டிலும் அதே காட்டுவழி. இடமலக்குடிக்காரர் அரிசி பருப்பு வாங்க வால்பாறைக்குப் போகிறார். அட்டப்பாடிக்காரர் ஆனைகட்டி வழியே கோவைக்குப் போகிறார். மக்களின் கால்கள் எல்லையை எப்போதோ அழித்துவிட்டன. நோயாளியின் கோப்புதான் எல்லையில் நின்றுவிடுகிறது. அந்த எல்லை ஒருநாள் உண்மையிலேயே அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை 2020இல் கேரளத்தின் வடகோடியில் பார்த்தோம். பொதுமுடக்கத்தின்போது கர்நாடகம் தலப்பாடி வழியை அடைத்தது. மருத்துவத்துக்கு மங்களூரையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் பலர் வழி கிடைக்காமல் மடிந்தார்கள். காசர்கோடு மருத்துவக் கல்லூரிக்கு 2013இலேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. எல்லை மூடியபோது அங்கே இருந்தது முடிவடையாத கட்டடம்.

1971இல், வேல்சின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் மருத்துவம் பார்த்துவந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் ஒரு விதியை வகுத்தார்: தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கும். எதிர்மறைப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர். மருத்துவத்தைச் சந்தையின் கையில் விடும் அளவுக்கு இந்த விதி வலுப்பெறும் என்பது அவர் கருத்து. நம் மலைகளில் சந்தை நுழையவே இல்லை. அரசின் விதிநூலே இங்கே சந்தையின் வேலையைச் செய்கிறது. தலை குறைந்தால் வரத்தும் குறையும் என்கிறது.

வழக்கமான மறுப்புகள் நான்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'இரண்டாயிரம் பேருக்கு இவ்வளவு செலவா?' ஒரு வாக்குக்கு ஒன்பது பேரை அனுப்பியபோது இந்தக் கேள்வி எழவில்லை. மேலும், செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. மஞ்சல் சுமக்கும் எட்டுப்பேரின் ஒருநாள் கூலி, ஜீப் வாடகை, நகரத்தில் துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, அடகு போன நகை எல்லாம் செலவுதான். அரசின் கணக்கில் வராததால் அது செலவில்லை என்று ஆகிவிடாது. ஏழையின் முடிச்சிலிருந்து போவதை நாம் சிக்கனம் என்கிறோம்.

'அவர்கள் கீழே வந்து குடியேறலாமே?' காட்டில் வாழும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உறுதி செய்திருக்கிறது. காட்டைப் பறிகொடுத்துக் கீழே வந்தவர்களின் கதி என்ன என்பதற்கு நிலமிழந்த அட்டப்பாடியே சாட்சி. ஒருவருடைய வீட்டையும் நிலத்தையும் விலையாகக் கேட்டுத் தரும் ஊசிக்கு மருத்துவம் என்று பெயரில்லை.

'வனச் சட்டம் தடுக்கிறது.' தடுக்கவில்லை. அதே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கிராமசபையின் பரிந்துரையோடு, மருந்தகம், மருத்துவமனை, சாலை, அங்கன்வாடி முதலியவற்றுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட வன நிலத்தைப் பயன்படுத்த வழிவிடுகிறது. சட்டத்தில் வழி இருக்கிறது, கோப்பில்தான் இல்லை. காடு அழியாமல் காத்தவர்களுக்கு எதிராகவே காட்டைக் காரணம் காட்டுவது கூச்சமற்ற வாதம்.

'மருத்துவர்கள் போக மறுக்கிறார்கள்.' மறுக்காமல் என்ன செய்வார்கள்? பிடிக்காத அலுவலரைத் 'தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று மிரட்டுவது நம் நிர்வாகத்தின் தாய்மொழி. மலைப்பணியைத் தண்டனையாக வைத்திருக்கும் வரை, அங்கே வருகிறவர்கள் தண்டனைக்காலம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். தங்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, மேற்படிப்பில் முன்னுரிமை, இரண்டாண்டுக்குப் பின் உறுதியான இடமாற்றம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

என்ன செய்யலாம் என்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மலை மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களிலும் பாலைவனப் பகுதிகளிலும், குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடையில் துணை சுகாதார நிலையம் என்னும் நேர அளவையை ஒன்றிய அரசு ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. தொலைவை அளந்து சுகாதாரம் தரலாம் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த அளவை இமயத்துக்கு மட்டும் ஏன்? மலை மாநிலம் என்ற பட்டியலில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. ஒரு மாநிலத்துக்குக் கடற்கரை இருப்பதால் அதன் மலையில் வாழ்பவருக்கு ஏற்றம் குறைந்துவிடுமா? அளவை மாநிலத்துக்கு வகுக்கப்படக் கூடாது. குடியிருப்புக்கு வகுக்கப்பட வேண்டும்.

ஆகவே, கேட்க வேண்டியவை இவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லாக் குடிகளுக்கும் ஊர்களுக்கும் தோட்ட லயங்களுக்கும் இந்த நேர அளவையை இரு மாநிலங்களும் ஏற்கட்டும். ஒவ்வொரு குடியிலிருந்தும் முதல் செவிலியரை, முதல் மருத்துவரை, அறுவைப் பிரசவம் செய்யக்கூடிய மருத்துவமனையை அடைய மழைக்காலத்தில் எவ்வளவு நேரமாகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து, குழந்தை இறப்பு விகிதத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடட்டும். அந்தந்தக் குடியின் இளம்பெண்களையே பயிற்றுவித்து, ஊதியமும் மருந்தும் தொடர்புக் கருவியும் தந்து அங்கேயே அமர்த்தட்டும். மொழிச் சிக்கலும் அதோடு பாதி தீரும். எல்லை கடந்து மருத்துவம் தேடும் நோயாளியின் காப்பீடும் கோப்பும் அவரோடு எல்லை கடக்க இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தை முதலாளியின் தயவிலிருந்து விடுவித்து அரசு பொறுப்பேற்கட்டும். செலவை முதலாளியிடம் வசூலிக்கட்டும்.

கேரளத்தின் பொதுச் சுகாதாரம் தானாக வந்ததன்று. மக்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது. ஊரில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று மனுப் போட்டவர்களும், மருத்துவர் வராத நாளில் மறியல் செய்தவர்களும் கட்டியெழுப்பியது. கேட்கும் குரல் எங்கே திரண்டதோ அங்கே மருத்துவம் வந்தது. மலையில் குரல் சிதறிக் கிடக்கிறது. ஒரு தொகுதியின் முடிவை மாற்றும் அளவுக்கு அங்கே தலைகள் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைச் சமவெளியில் இருப்பவர்கள் கேட்க வேண்டும் என்கிறேன். அடுத்த ஆண்டுக் கணக்கு வெளியாகி ஊர்வலம் புறப்படும்போது, பெருமைப் பதிவின் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இடமலக்குடியின் கடைசிக் குடியிலிருந்து மருத்துவரை அடைய எத்தனை மணி நேரம்? விடை தெரிந்தவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.